புதுச்சேரி கான்சுலேட்டின் வரலாற்றைத் தேடுவது எப்படி: தாத்தாவின் ஒரு தாளிலிருந்து தொடங்கிய வழி

என் தாத்தாவின் தகரப் பெட்டியில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. 1951-ஆம் ஆண்டுத் தேதி போட்ட தட்டச்சுத் தாள். மேலே ஆங்கிலத்தில் 'இந்தியக் கான்சுலேட் ஜெனரல், பாண்டிச்சேரி' என்று தலைப்பு, அதாவது இந்தியத் துணைத்தூதரகம். இவர் தென்னார்க்காடு மாவட்டம் விழுப்புரம் தாலுகாவில் பிறந்தவர், இந்தியக் குடிமகன் என்று மூன்று வரி. கீழே ஒரு கையெழுத்து, அதன்மேல் பாதி விழுந்த முத்திரை. தாத்தா புதுச்சேரி ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். சொந்த ஊர் வளவனூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவாராம். அந்தச் சைக்கிள் பாதையின் நடுவில் இரண்டு நாடுகளின் எல்லை கிடந்தது என்பது இந்தத் தாளைக் கையில் எடுத்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

கையெழுத்து யாருடையது என்று தேடப் போய், புதுச்சேரியில் இருந்த கான்சுலேட்டுகளின் கதையே ஐந்து வருடம் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், வரலாற்றில் பட்டம் எதுவும் வாங்கவில்லை. எப்படித் தேடினேன், எங்கே நாள் வீணானது, எது கைகொடுத்தது என்று சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு தாள் இருந்தால் உதவும். வேறு துறைமுக ஊரைத் தேடுகிறவர்களும் இதே வழியில் போகலாம், பெயர்கள்தான் மாறும்.

முதலில், யாருடைய கொடி?

'பாண்டிச்சேரி கான்சுலேட்' என்று யாராவது சொன்னால் உடனே தேடக் கிளம்பாதீர்கள். எந்தக் காலத்து, எந்த நாட்டுக் கான்சுலேட் என்று கேளுங்கள். இந்த ஒரே ஊரில் குறைந்தது மூன்று கதைகள் இருக்கின்றன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கே பிரிட்டனின் கான்சல் இருந்தார். 1947-ல் இந்தியா விடுதலை பெற்றதும், இன்னும் பிரெஞ்சு மண்ணாகவே இருந்த புதுச்சேரியில் இந்தியா தன் கான்சல் ஜெனரலை வைத்தது. புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகு கதை தலைகீழாகி, பிரான்சுக்கு இங்கே கான்சுலேட் வந்தது. மரைன் வீதியில் இன்றைக்கும் நாம் பார்ப்பது அதைத்தான். 'அப்பா கான்சுலேட்டுக்குப் போனார்' என்று ஒரு பெரியவர் சொன்னால், வருடத்தைக் கேட்காமல் எந்த வாசலுக்குப் போனார் என்று சொல்லவே முடியாது.

கான்சலின் வேலையையும் தெரிந்துகொள்ளுங்கள். தூதர் தலைநகரில் அரசோடு பேசுகிறவர். கான்சல் துறைமுகத்தில் ஆட்களையும் கப்பல்களையும் கவனிக்கிறவர். மாலுமிகளின் வழக்கு, வெளியூரில் இறந்தவரின் சொத்து, சரக்குச் சான்று, பிறப்பு இறப்புப் பதிவு, கடவுச்சீட்டு என்று எல்லாம் அவர் மேசைக்கு வரும். கான்சல் ஜெனரல், கான்சல், வைஸ் கான்சல், கான்சுலர் ஏஜெண்ட் என்று படிநிலை நான்கு. 1963-ல் வியன்னாவில் போட்ட கான்சுலர் உறவுகள் உடன்படிக்கையும் இந்த நாலு படியைத்தான் சொல்கிறது. பழைய காலத்து ஏஜெண்டுகள் பல பேர் ஊரிலேயே வியாபாரம் செய்த வணிகர்கள். அவர்களைப் பற்றிய செய்தி அரசாங்கக் கோப்பில் இருப்பதைவிட வணிக டைரக்டரிகளில் அதிகம் இருக்கும்.

காகிதம் கொடியோடு போகும்

நான் செய்த முதல் தவறு, இன்றைய அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதிப் பழைய கோப்புகளைக் கேட்டது. ஒரு அலுவலகத்தில் மூன்று முறை காத்திருந்தேன். அங்கே எதுவுமே இல்லை என்று நாலாவது முறை சொன்னார்கள். கான்சுலேட்டின் காகிதங்கள் ஊரில் தங்குவதில்லை. அவை எங்கே இருந்தாலும் அனுப்பிய நாட்டுக்கே சொந்தம், உள்ளூர் அரசு தொடக்கூடாது என்பது சட்டம். வேலை முடிந்தால் பெட்டியில் ஏறி ஊருக்குப் போய்விடும். அதனால் தேட வேண்டிய இடம், கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டின் ஆவணக் காப்பகம்.

புதுச்சேரிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். இந்தியக் கான்சல் ஜெனரலின் கடிதங்கள் வெளியுறவு அமைச்சகத்துக்குப் போனவை, ஆகவே தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். பிரிட்டிஷ் கான்சலின் விஷயம் சிக்கலானது. அவர் பெயருக்கு லண்டனின் ஆள். ஆனால் அவருடைய அன்றாடக் கவலையெல்லாம் மதராஸ் மாகாணத்தோடும் இந்திய அரசோடும் இருந்தது. எனவே அவர் எழுதியவை தில்லியிலும், எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளிலும், அதே லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தின் வெளியுறவுத் துறை வரிசைகளிலும் சிதறிக் கிடக்கும். ஒரே கடிதத்தின் மூன்று நகல் மூன்று ஊரில் கிடைப்பதும் உண்டு. எழும்பூரில் எனக்கு அகப்படாத ஒரு இணைப்பு தில்லி நகலோடு சேர்ந்து வந்தது.

பிரெஞ்சுப் பக்கம் இன்னொரு கணக்கு. புதுச்சேரி காலனியாக இருந்தவரை ஆளுநரின் காகிதங்கள் காலனி அமைச்சகத்தைச் சேர்ந்தவை. அவற்றைத் தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஊரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். இந்தியாவோடு சேர்ந்த பிறகு பிரான்சுக்கு இது வெளிநாடு. கான்சுலேட்டின் தாள்கள் வெளியுறவு அமைச்சகத்துக்குச் சொந்தமாகி, நான்ட் நகரத்துக்குப் போகின்றன. ஒரே குடும்பத்தின் காகிதம் பாதி எக்ஸிலும் பாதி நான்டிலும் இருக்கக் காரணம் இதுதான். நம் ஊரில் 'எத்தா சிவில்' என்று சொல்லும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் பழைய காலத்தவை எக்ஸ் காப்பகத்தின் இணையதளத்தில் படமாகவே கிடைக்கின்றன. பணம் கட்ட வேண்டியதில்லை. கையெழுத்துப் பிரெஞ்சு முதலில் மிரட்டும், பத்துப் பக்கம் பார்த்தால் பழகிவிடும்.

உள்ளூரிலேயே தொடங்க விரும்பினால் லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் இருக்கிறது. ரோமன் ரோலன் நூலகம் 1827-ல் தொடங்கியது. 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகமும் உண்டு. தில்லிக்கு டிக்கெட் எடுக்கும் முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

பெயரும் தேதியும்

அடுத்து, கான்சல்களின் பட்டியலை நீங்களே கட்ட வேண்டும். இதற்கு இயர்புக்குகளைப் போல் உதவுவது வேறில்லை. பிரெஞ்சிந்திய அரசு ஆண்டுதோறும் 'அன்னுவேர்' என்ற கையேட்டை அச்சிட்டது, அதில் அதிகாரிகள் பெயர்கள் வரும். நியமனங்கள் அரசிதழில் வரும். இவற்றில் பலவற்றைப் பிரான்சின் தேசிய நூலகம் 'கல்லிக்கா' தளத்தில் ஏற்றியிருக்கிறது. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வரி என்று நோட்டில் கோடு போட்டு, பெயர், பதவி, எந்த நூல், எந்தப் பக்கம் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். பெயர் மாறும் வருடத்தைக் கண்டுபிடித்ததும், அந்த வருடத்து அரசிதழை மட்டும் பக்கம் பக்கமாகப் பார்த்தால் போதும்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. நியமிக்கப்பட்ட தேதியும் ஏற்கப்பட்ட தேதியும் ஒன்றல்ல. ஒரு நாடு கான்சலை அனுப்பினாலும், அந்த ஊரை ஆளும் அரசு 'எக்ஸிக்வாட்டர்' என்ற ஏற்புப் பத்திரம் கொடுத்த பிறகுதான் அவர் கான்சல். இதற்கு நல்ல உதாரணம் கல்கத்தா. பெஞ்சமின் ஜாய் என்பவரை ஜார்ஜ் வாஷிங்டன் 1792 நவம்பரில் கல்கத்தாவுக்கு அமெரிக்கக் கான்சலாக நியமித்தார். 1794-ல் ஜாய் வந்து இறங்கியபோது கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கான்சலாக ஏற்கவில்லை. வணிக முகவராக இருந்துகொள்ளலாம், எங்கள் நீதிமன்றங்களுக்குக் கட்டுப்பட்டவர் என்று சொல்லிவிட்டது. அமெரிக்கத் தாள்களை மட்டும் பார்ப்பவர் அவரைக் கான்சல் என்று எழுதுவார், கம்பெனித் தாள்களை மட்டும் பார்ப்பவர் வணிக முகவர் என்று எழுதுவார். இரண்டையும் பார்த்தவருக்குத்தான் நடந்தது புரியும். உங்கள் நோட்டில் இரண்டு தேதிக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள்.

பெயர் கிடைத்ததும் அந்த மனிதரின் முன்வாழ்க்கையையும் தேடுங்கள். ஒரு அரசு யாரை அனுப்பியது என்பதிலேயே ஊரைப் பற்றி அது என்ன நினைத்தது என்று தெரியும். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் இங்கே பிரிட்டிஷ் கான்சல் ஜெனரலாக இருந்த ஷோம்பெர்க், மத்திய ஆசிய மலைகளில் பயணம் செய்து எழுதிய ராணுவ அதிகாரி. கூர்ந்து பார்த்துக் குறிப்பெடுக்கத் தெரிந்த ஆள். 1940 செப்டம்பரில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் பொன்வேன், ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த தளபதி டி கோலின் பக்கம் சேர்ந்ததை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஆண்டுக் கோப்புகளைத் தேடினால், பிரிட்டனுக்கு இந்தச் சின்ன ஊர் எவ்வளவு முக்கியமாக இருந்தது என்று தெரியும். விடுதலைக்குப் பின் இந்தியா அனுப்பிய ரஷீத் அலி பேக், ஒரு காலத்தில் ஜின்னாவின் செயலராக இருந்து, முஸ்லிம்களுக்குத் தனி நாடு கேட்ட 1940 லாகூர் தீர்மானத்தின்போது அவரிடமிருந்து விலகியவர். பிரிவினை முடிந்த சூட்டில், பிரெஞ்சு மண்ணில் இந்தியாவின் முகமாக அப்படி ஒருவர் இருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் மனம் நெகிழ்கிறது.

கோப்பைக் கேட்கும் விதம்

தில்லிக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம், பதிவு செய்தால் போதும். ஆனால் 'பாண்டிச்சேரி' என்று மட்டும் அடித்தால் பாதிதான் வரும். அன்றைய குமாஸ்தாக்கள் இந்தப் பகுதியை 'பிரெஞ்ச் செட்டில்மென்ட்ஸ்', 'பிரெஞ்ச் எஸ்டாப்ளிஷ்மென்ட்ஸ்', 'பிரெஞ்ச் இந்தியா', 'பிரெஞ்ச் பொசெஷன்ஸ்' என்று பலவிதமாக எழுதினார்கள். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தனித்தனியாக அடித்துப் பாருங்கள். காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் பெயர்களையும் பழைய எழுத்துக்கூட்டலில் போடுங்கள்.

துறையின் பெயரும் காலத்துக்குக் காலம் மாறியது. 1914 வரை வெளியுறவுத் துறை, அப்புறம் 1937 வரை வெளியுறவு மற்றும் அரசியல் துறை, அதன்பின் எக்ஸ்டர்னல் அஃபேர்ஸ். 1930-ஆம் வருடக் கோப்பை எக்ஸ்டர்னல் அஃபேர்ஸில் தேடி நான் இரண்டு வாரத்தைப் போக்கினேன். பழைய வரிசையில் 'ஏ', 'பி' என்று குறி இருக்கும். 'ஏ' என்பது முக்கியம் என்று கருதி அச்சிட்டது, 'பி' என்பது சாதாரண விஷயம் என்று ஒதுக்கியது. எல்லோரும் 'ஏ'-யைத்தான் கேட்பார்கள். நீங்கள் 'பி'-யைக் கேளுங்கள். ஏழை மனிதர்களின் மனுக்கள் அங்கேதான் ஒதுங்கின. 'கே.டபிள்யூ.' என்று சேர்த்திருந்தால் 'கூடவே வைக்க' என்று அர்த்தம். அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள் அதில் இருக்கும், அதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

எழும்பூரில் அரசாணைகளைத் தவிர, சார்புச் செயலரின் பெட்டகக் கோப்புகள் என்ற ரகசிய வரிசை ஒன்று இருக்கிறது. பாரதி 1908-ல் இங்கே வந்தார், அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்தார், அதே ஆண்டில் வ.வே.சு. ஐயர். 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு மதராஸ் போலீசின் கண் புதுச்சேரியை விட்டு நகரவே இல்லை. பிரெஞ்சு மண்ணில் கால் வைத்துக் கைது செய்ய முடியாது. அதனால் ஒற்றர்கள், கடிதங்கள், வற்புறுத்தல்கள். இங்கே வந்து பத்து வருடம் கழித்து, 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் பாரதி கைதானார். இந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பிரதிநிதியின் வேலையைப் புரிந்துகொள்ள, கான்சலின் கடிதங்களுக்கு மேலாகப் போலீஸ் கோப்புகள் உதவும்.

எதிர்ப்பக்கத்தையும் படியுங்கள்

எனக்கு மிகவும் வலித்த பகுதி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களைக் கப்பலில் ஏற்றினார்கள். பலர் தஞ்சாவூர், தென்னார்க்காடு ஜில்லாக்காரர்கள், அதாவது பிரிட்டிஷ் குடிமக்கள். அதனால் 1861-ல் பிரிட்டனும் பிரான்சும் ஒரு ஒப்பந்தம் போட்டன. அதன்படி பிரெஞ்சுத் துறைமுகத்தில் ஏறுகிறவர் தன் விருப்பத்தோடுதான் போகிறாரா என்று பார்க்கும் பொறுப்பு பிரிட்டிஷ் கான்சுலர் ஏஜெண்டுக்கு வந்தது.

இந்த ஏஜெண்டின் அறிக்கைகளை ஆங்கிலத்தில் படியுங்கள். பிறகு அதே ஆண்டின் பிரெஞ்சுக் குடியேற்றத் தாள்களைப் படியுங்கள். ஒரு பக்கம் எண்ணிக்கையும் நோயும் பேசும், இன்னொரு பக்கம் தோட்டங்களுக்குத் தேவையான ஆட்களையும் செலவையும் பேசும். இரண்டையும் தேதிவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் கப்பலேறும்வரை கூலிகளை வைத்திருந்த டெப்போவில் காத்திருந்த மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். ரெயூனியனிலிருந்தும் குவாதலூப்பிலிருந்தும் வேரைத் தேடி வருகிற குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கப்பலின் பெயரும் வருடமும் தெரிந்தால், பிரெஞ்சுப் பதிவோடு நிற்காமல் அந்த வருடத்து பிரிட்டிஷ் ஏஜெண்டின் அறிக்கையையும் தேடுங்கள்.

மூன்று தேதிகள்

1947-க்குப் பிந்தைய தாள்களைத் தேடுகிறவர்கள் மூன்று தேதிகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலில் சூழ்நிலையைச் சொல்லிவிடுகிறேன். 1941-ல் போட்ட சுங்க ஒப்பந்தம் 1949-ல் முடிந்ததும் புதுச்சேரியைச் சுற்றிச் சுங்கச் சாவடிகள் கெடுபிடியாயின. நம் பிரதேசம் தென்னார்க்காட்டுக் கிராமங்களுக்குள் துண்டு துண்டாகக் கிடப்பது. பக்கத்துத் தெரு வேறு நாடு என்கிற நிலை. தாத்தாவுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்பட்டதும் இந்தச் சமயத்தில்தான்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர்கள் 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. மூன்று நாளில் தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதுவரை இந்தியக் கான்சல் ஜெனரலாக இருந்த கேவல் சிங் அன்றே முதல் தலைமை ஆணையரானார். முந்தின நாள்வரை வெளிநாட்டுப் பிரதிநிதி, மறுநாள் அதே ஊரின் நிர்வாகி! தாத்தாவின் தாளை எழுதிய அலுவலகத்துக்கு அதோடு வேலை இல்லாமல் போயிற்று.

ஆனால் சட்டப்படி அது முடிவல்ல. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28-ல்தான் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் பிரெஞ்சுக் குடியுரிமையைக் கேட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகத் தொடர்ந்தார்கள். கேட்காத உள்ளூர்க்காரர்கள் இந்தியர்கள் ஆனார்கள். 1954-க்கும் 1962-க்கும் நடுவில் பிறந்த ஒருவரின் தாளைப் பார்க்கும்போது இதை மறக்கவே கூடாது. நிர்வாகம் இந்தியாவுடையது, சட்டப்படி மண் இன்னும் பிரான்சுடையது. ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியன் என்று ஆனதும் அந்த ஆறு மாதத்தில்தான். உங்கள் குடும்பத் தாளில் 1962 ஆகஸ்ட்டுக்கும் 1963 பிப்ரவரிக்கும் இடைப்பட்ட தேதி இருந்தால் அதைத் தனி உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது.

ஆட்களிடம் கேளுங்கள், சீக்கிரம் கேளுங்கள்

காப்பகம் காத்திருக்கும், பெரியவர்கள் காத்திருக்க முடியாது. 1954-ல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. 'கான்சுலேட் எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'நல்லாத்தான் இருந்துச்சு' என்பதோடு பேச்சு நின்றுவிடும். எந்த வாசல் வழியாகப் போனீர்கள், செருப்பைக் கழற்றினீர்களா, நாற்காலி கொடுத்தார்களா, மனுவை யார் எழுதிக் கொடுத்தது, அதற்கு எவ்வளவு வாங்கினார், சாட்சிக்கு யாரைக் கூட்டிப்போனீர்கள் என்று கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தாவின், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவரின், மனைவி இருந்தார். பென்ஷன் விஷயமாகக் கணவரோடு பிரெஞ்சுக் கான்சுலேட்டுக்குப் போகும்போதெல்லாம் கல்யாணப் பட்டுப்புடவையைத்தான் கட்டிக்கொண்டு போவாராம். 'அங்க பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க கண்ணு, மதாம்னு சேர்த்துக் கூப்பிடுவாங்க' என்றார். எந்தக் கோப்பிலும் இது கிடைக்காது. பேசும்போதே தேதி, இடம், யார் சொன்னது என்று எழுதி, அவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். திருத்துவார்கள், திருத்தும்போது இன்னும் இரண்டு விஷயம் சொல்வார்கள்.

தாத்தாவின் தாளில் இருந்த கையெழுத்துக்கு வருகிறேன். அதைச் செல்போனில் தெளிவாகப் படம் எடுத்து எப்போதும் கையோடு வைத்திருந்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள், நினைவை நம்பி ஒப்பிடாதீர்கள். நாலாவது வருடம், தில்லியில் 1951-ஆம் ஆண்டின் ஒரு சம்பளக் கோப்பு. வாடகைப்படி உயர்த்தித் தரும்படி கான்சுலேட்டின் இளநிலை அதிகாரி ஒருவர் எழுதிய கடிதம். கீழே அதே கையெழுத்து, முதல் எழுத்தில் அதே சுழி, அதன் அடியில் தட்டச்சில் முழுப் பெயர். அந்தப் பெயரைத் தாத்தாவின் தாளின் நகலில் பென்சிலால் எழுதி, பக்கத்தில் கோப்பு எண்ணையும் குறித்தேன். மூலத்தை மடிப்பு நீக்கி, அமிலமில்லாத உறையில் போட்டுத் தகரப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.